நிறத்தைத் தின்று இதயத்தைக் காக்க முடியுமா?

பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் 1985-ல் ஒரு பெரிய மருத்துவச் சோதனை தொடங்கியது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். எல்லோரும் 50 முதல் 69 வயதுக்குள். அவர்களில் பாதிப் பேருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். காரட், பரங்கி, மாம்பழம் மூன்றுக்கும் அந்தச் செம்மஞ்சள் நிறத்தைத் தருவது இந்தப் பொருள்தான். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் மாத்திரை தொடர்ந்தது. யார் எதை விழுங்குகிறார் என்பது விழுங்கியவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது.

1994-ல் வந்த முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. நிறமி சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். மொத்த இறப்பும் 8 சதவீதம் அதிகம். அந்தக் கூடுதல் இறப்புக்கு நுரையீரல் புற்றோடு இதய நோயும் முக்கியக் காரணம். ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்து பிழைத்த 1,862 பேரைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். அவர்களிலும் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களே இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். அமெரிக்காவில் புகைபிடிப்போரும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தோருமாக 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையை, இதே கதிதான் என்று தெரிந்ததும் 1996 ஜனவரியில், குறித்த நாளுக்கு 21 மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே பின்லாந்து ஆண்களில், மாத்திரை இல்லாமல் சாப்பாட்டிலிருந்தே பீட்டா கரோட்டின் அதிகம் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவாகத்தான் வந்தது. காய்கறியாக வந்தால் நல்லது, மாத்திரையாக வந்தால் கெட்டது. பொருள் ஒன்றே.

'இதயம் நலமாக இருக்க வண்ண வண்ணமாகச் சாப்பிடுங்கள்' என்ற அறிவுரையை இன்று மருத்துவமனைச் சுவரிலும் வாட்ஸ்அப்பிலும் ஒருசேரப் பார்க்கிறோம். அறிவுரை தப்பில்லை. ஆனால் அது சரியாக இருப்பதற்கான காரணம் நாம் நினைக்கும் காரணம் அல்ல. பின்லாந்து முடிவை மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறத்தின் பின்னாலும் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்ப்பது நல்லது.

முதலில் ரத்தக்குழாய். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரில் மெல்லிய செல் படலம் ஒன்று இருக்கிறது. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல் துகள்கள் அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே புகுந்து தங்குகின்றன. அங்கே ஆக்சிஜனேற்றம் அடைந்து உருமாறுகின்றன. உருமாறியவற்றை வெள்ளணுக்கள் விழுங்கி விழுங்கி வீங்கிப்போகின்றன. இப்படிச் சேர்ந்த கொழுப்புத் திட்டு என்றாவது ஒரு நாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் அது மாரடைப்பு.

இதிலிருந்து ஒரு நேரான கணக்கு பிறந்தது. ஆக்சிஜனேற்றம்தான் கெடுதல் செய்கிறது. செடிகளின் நிறமிகள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. ஆகவே நிறமியைச் சாப்பிட்டால் குழாய் காப்பாற்றப்படும். காகிதத்தில் அழகான கணக்கு. செடிக்கு அது உண்மையும்கூட. இலைமேல் விழும் வெயில் அளவுக்கு மீறும்போது அதனால் உண்டாகும் சேதத்திலிருந்து இலையைக் காப்பது கரோட்டின் வகை நிறமிகள்தான். முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டின் தாராளமாக இருக்கிறது. பச்சையம் அதன்மேல் போர்த்திக் கிடப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பழுத்து உதிரும் இலையில் பச்சை போனபின் எட்டிப்பார்க்கும் மஞ்சள் அதே குடும்பம்.

ஆனால் இலைக்குச் செய்யும் வேலையை நம் ரத்தக்குழாயிலும் செய்தே தீரும் என்று அது யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அமெரிக்க வேளாண் துறை ஒரு காலத்தில், எந்த உணவுக்கு எவ்வளவு ஆன்டிஆக்சிடன்ட் சக்தி என்று மதிப்பெண் போட்டுப் பட்டியல் வைத்திருந்தது. சோதனைக் குழாயில் அளந்த அந்த எண்களை வைத்துக்கொண்டு பழச்சாறு விற்றவர்கள் ஏராளம். அந்த மதிப்பெண்ணுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு இல்லை என்று சொல்லி 2012-ல் அந்தத் துறையே பட்டியலை எடுத்துவிட்டது. 'ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது' என்ற வாசகம் மட்டும் பாக்கெட்டுகளில் இன்றும் இருக்கிறது.

பின்லாந்து மாத்திரை ஏன் கெடுதல் செய்தது? பச்சைக் காரட்டில் இருக்கும் நிறமியில் உடல் உறிஞ்சிக்கொள்வது சிறு பங்குதான். மற்றது நாரோடு போய்விடும். மாத்திரையில் வந்ததோ எளிதில் உறிஞ்சப்படும் வடிவம். அதை எடுத்தவர்களின் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அளவு பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. புகையால் ஏற்கெனவே நொந்திருக்கும் நுரையீரலில், அந்த அளவில், காப்பாற்ற வேண்டிய பொருளே சிதைந்து தொல்லை தரும் பொருளாக மாறியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். காரணம் எதுவானாலும் தீர்ப்பு உறுதியானது. இதய நோயையோ புற்றையோ தடுப்பதற்காக பீட்டா கரோட்டின், வைட்டமின் இ மாத்திரைகளை எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுத்து பீட்ரூட். நிறத்தைப் பற்றிய நம் நம்பிக்கைக்கு இதைவிடச் சுவையான பாடம் கிடையாது.

2008-ல் லண்டனில் ஆரோக்கியமான சிலருக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சுமார் 10 புள்ளி இறங்கியது. அந்த ரத்தச் சிவப்பைப் பார்க்கும் யாரும் அதற்குத்தான் நன்றி சொல்வார்கள். ஆனால் வேலை செய்தது நிறமே இல்லாத ஒரு பொருள்: நைட்ரேட். வயலில் போடும் உரத்தில் இருக்கும் அதே நைட்ரேட். அது குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு வந்து, மறுபடி வாய்க்குள் ஊறுகிறது. நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த உமிழ்நீரை விழுங்கியபின் உடம்புக்குள் அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாகிறது. ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்திக் குழாயை விரிய வைப்பது அந்த வாயு. உடம்பில் அது சேதி சொல்லும் பொருளாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் ராபர்ட் ஃபர்ச்கோட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

லண்டன் ஆய்வில் சிலரை மட்டும் உமிழ்நீரை விழுங்காமல் துப்பிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கவில்லை. நாக்கு பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டு தினமும் வாயை அலசுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

2015-ல் அதே குழு இன்னும் கெட்டிக்காரத்தனமான ஒன்றைச் செய்தது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் ஒரு பிரிவுக்கு தினம் 250 மில்லி பீட்ரூட் சாறு. மறுபிரிவுக்கும் பீட்ரூட் சாறுதான். ஆனால் நைட்ரேட் மட்டும் நீக்கப்பட்டது. அதே சிவப்பு, அதே மண் வாசனை. நான்கு வாரத்தில் முதல் பிரிவுக்கு மேல் அளவு சுமார் 8 புள்ளி குறைந்தது. நைட்ரேட் இல்லாத சிவப்புச் சாறு குடித்தவர்களிடம் மாற்றமில்லை. பீட்ரூட்டின் சிவப்பு, பெட்டலெய்ன் என்ற நிறமி. சிலருக்கு அது அப்படியே சிறுநீரில் வெளியேறி, மறுநாள் காலை ரத்தம் போகிறதோ என்று டாக்டரிடம் ஓட வைப்பதும் உண்டு.

நைட்ரேட்டுக்காக பீட்ரூட்டைத்தான் தேட வேண்டும் என்றில்லை. தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, பசலை, வெள்ளை முள்ளங்கி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுகிற வழக்கம் இருந்தால் நைட்ரேட்டும் அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். கடைந்தோ மசித்தோ சாப்பிடும் நம் பழைய முறை இந்த விஷயத்தில் லாபகரமானது.

ஊதாவின் கதை வேறு. நாவல் பழம் தின்றபின் நாக்கில் ஒட்டும் நிறம், கத்தரிக்காய்த் தோல், கருப்புக் கவுனி அரிசியை ஊறவைத்த தண்ணீர், சங்குப்பூ எல்லாம் ஆந்தோசயனின் என்ற ஒரே குடும்பம். புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். சங்குப்பூத் தேநீரில் எலுமிச்சை பிழிந்து ஊதாவாக்கிக் காட்டும் ஓட்டல் வித்தை வெறும் பள்ளிக்கூட வேதியியல்தான். கவுனி அரிசியை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறவர்கள், எதற்காக அதிக விலை கொடுத்து வாங்கினார்களோ அதில் ஒரு பகுதியையும் கொட்டுகிறார்கள். கத்தரிக்காயில் அந்த நிறம் தோலில் மட்டும்தான். சுட்டுத் தோலுரித்தால் தோலோடு போயிற்று.

ஊதா நிறமிக்கு ஆதரவான சான்று மற்ற நிறங்களைவிடக் கொஞ்சம் கனமானது. அமெரிக்கச் செவிலியர்கள் சுமார் 93,600 பேரை 18 ஆண்டு தொடர்ந்த ஆய்வின் முடிவு 2013-ல் வெளிவந்தது. ஆந்தோசயனின் அதிகம் சாப்பிட்ட பெண்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட மாரடைப்பு 32 சதவீதம் குறைவு. அவர்களுக்கு அது பெரும்பாலும் புளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி வழியாக வந்தது. இப்படிப்பட்ட ஆய்வில் ஒரு தீராத சிக்கல் இருக்கிறது. வாரம் மூன்று முறை பெர்ரி வாங்கக்கூடியவர் வசதியானவர், நடைப்பயிற்சி போகிறவர், புகைக்காதவர். கணக்கில் அதையெல்லாம் கழித்துப் பார்க்கிறார்கள் என்றாலும் முழுதாகக் கழியுமா என்பது சந்தேகமே. அதனால் நேரடிச் சோதனையையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் இடுப்புச் சுற்றும் சர்க்கரையும் கூடிய நிலையிலிருந்த 115 பேருக்கு ஆறு மாதம் தினம் 150 கிராம் புளூபெர்ரிக்குச் சமமான பொடி கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாய் விரியும் திறன் கொஞ்சம் மேம்பட்டது. ரத்த அழுத்தம் அசையவில்லை. நல்ல சேதிதான், அற்புதம் இல்லை.

இங்கே இன்னொரு நுணுக்கம். விழுங்கிய ஆந்தோசயனினில் மிகச் சிறு பங்கே அதே உருவில் ரத்தத்தில் சேர்கிறது. பெரும்பகுதி பெருங்குடல் வரை போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் உடைத்துப்போட்ட நிறமற்ற துண்டுகளாகத்தான் உறிஞ்சப்படுகிறது. அதாவது பலன் தருவது ஊதா நிறமியின் பிள்ளைகள். அவற்றில் ஊதா இல்லை. பீட்ரூட்டுக்கு நாக்கு, நாவலுக்குக் குடல்: இரண்டிலும் நடுவில் நின்று சமைப்பது நுண்ணுயிர்தான். புளூபெர்ரி டப்பாவின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் தள்ளுவண்டியில் குவித்து உப்பு தூவி விற்கும் நாவலில் இருப்பதும் இதே குடும்ப நிறமிதான். உப்பை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வருவோம். தக்காளி, தர்பூசணி, சிவப்புக் கொய்யா மூன்றின் சிவப்பு லைக்கோபீன். இது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. பச்சைத் தக்காளியைக் கடித்துத் தின்பதைவிட, சுண்டக் காய்ச்சிய விழுதிலிருந்து உடல் எடுத்துக்கொண்ட லைக்கோபீனின் உச்ச அளவு இரண்டரை மடங்கு என்று 1997-ல் ஜெர்மானிய ஆய்வொன்று காட்டியது. வெப்பம் செல் சுவரை உடைத்து நிறமியை வெளியே விடுகிறது. எண்ணெய் அதை ஏற்றிக்கொண்டு குடலைத் தாண்டுகிறது. கொழுப்பே இல்லாமல் காய்கறி சாலட் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் கரோட்டின் வகைகள் ஏறக்குறைய உறிஞ்சப்படவே இல்லை. டயட் என்ற பெயரில் எண்ணெய் துளிகூட இல்லாமல் வெறும் காரட்டை நறுக்கித் தின்று சலித்தவர்களுக்கு ஒரு விடுதலைச் செய்தி: ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்த காரட் பொரியல் நிறமிக்கும் நல்லது, நாக்குக்கும் நல்லது. தக்காளித் தொக்கும் அப்படியே. ஆனால் எண்ணெய் மிதக்கிற தொக்கும், கைநிறைய உப்பு போட்ட தொக்கும் இந்தக் கணக்கில் சேராது.

இனி வெள்ளை. வானவில் பட்டியலில் இடமே கிடைக்காத நிறம். நெதர்லாந்தில் 20,069 பேரைப் பத்து ஆண்டு பின்தொடர்ந்து, அவர்கள் சாப்பிட்ட காய், பழங்களைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளை என்று நிறம் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். 2011-ல் முடிவு வந்தது. பக்கவாதத்தோடு தெளிவான தொடர்பு இருந்தது ஒரே நிறத்துக்கு. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை; வெள்ளை! தோலின் நிறத்தைப் பார்க்காமல் உள்சதையைப் பார்த்து ஆப்பிள், பேரிக்காயை வெள்ளையில் சேர்த்திருந்தார்கள். வெள்ளை வகை தினம் 25 கிராம் கூடினால் பக்கவாதம் 9 சதவீதம் குறைவு. இதய நோய்க்கு என்று பார்த்தபோது மட்டும் ஆரஞ்சு, அதிலும் காரட், முன்னால் நின்றது. மாத்திரையில் தோற்ற அதே பீட்டா கரோட்டின் காரட்டுக்குள் இருந்தபடி ஜெயித்தது என்றால், ஜெயித்தது பீட்டா கரோட்டினா, காரட்டா?

எனக்கு இதில் சந்தேகமே இல்லை: காரட். நிறம் என்பது கடைக்கு வெளியே தொங்கும் பெயர்ப்பலகை. சரக்கு உள்ளே இருக்கிறது. பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தால் பசி ஆறாது.

அந்தச் சரக்கில் பெரும்பகுதிக்கு நிறமே கிடையாது. பொட்டாசியம் அதில் ஒன்று. நாம் உப்பாகத் தின்னும் சோடியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ள அது உதவுகிறது. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்த சோதனையில், சமையல் உப்பில் கால் பங்கை பொட்டாசியம் உப்பாக மாற்றியதற்கே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021-ல் வந்த முடிவு இது. வாழைப்பழம், வாழைத்தண்டு, இளநீர், கீரை, பருப்பு எல்லாம் பொட்டாசியம் தருபவை. இரண்டாவது, கரையும் நார்ச்சத்து. வெண்டைக்காயின் வழவழப்பு அதுதான். கொழுப்பைச் செரிக்க கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலம் செய்து குடலுக்கு அனுப்புகிறது. வழக்கமாக வேலை முடிந்ததும் அது திரும்ப உறிஞ்சப்படும். வழவழப்பான நார் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டால், கல்லீரல் புதிதாகச் செய்தாக வேண்டும். அதற்கான கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்துதான் எடுக்கும். எல்டிஎல் இறங்குகிறது. இந்த வேலைக்கு வெண்டை பச்சையாக இருந்தாலும் ஒன்றுதான், வெள்ளை வெண்டையாக இருந்தாலும் ஒன்றுதான்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது: இடம். வயிற்றில் காய் பிடிக்கும் இடத்தில் வேறொன்று இல்லை. சென்னையில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், நகரவாசி ஒருவர் பெறும் கலோரியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு தீட்டிய தானியத்திலிருந்தே, அதாவது பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்தே வந்தது. காயும் பழமும் சேர்ந்து நாளொன்றுக்கு 265 கிராம்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 400 கிராம். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் தாராளமாக, கீரை, காய், பழம் எல்லாம் சேர்த்து 500 கிராம் என்கிறது. கல்யாணப் பந்தியில் இலை நிறைய நிறம் இருக்கும். கூட்டு, பொரியல், பச்சடி, அவியல் எல்லாம் ஒவ்வொரு கரண்டி. நடுவில் சோறு மலைபோல. வண்ணம் எண்ணினால் நூற்றுக்கு நூறு, எடை போட்டால் தேறாது.

அளவு கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு 1997-ல் வந்த டாஷ் என்ற அமெரிக்கச் சோதனை இன்றும் மேற்கோளாக இருக்கிறது. 459 பேருக்கு எட்டு வாரம் சாப்பாட்டையே சமைத்துக் கொடுத்தார்கள். காய், பழம் தினம் எட்டுப் பங்குக்கு மேல், கொழுப்பு குறைத்த பால், மோர், கொஞ்சம் கொட்டைப் பருப்பு. உப்பைக்கூடக் குறைக்கவில்லை. ரத்தக்கொதிப்பு இருந்தவர்களுக்கு மேல் அளவு 11 புள்ளி இறங்கியது. ஒரு மாத்திரையின் வேலைக்கு ஈடு. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரைக்கு மாறிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து போகட்டும், டாக்டர் பார்த்துக் குறைப்பார்.

எச்சரிக்கையும் சிலருக்கு வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து. மேலே சொன்ன இளநீரும் வாழைத்தண்டும் அவர்களுக்கு அல்ல. இதய வால்வு மாற்றி அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் 'கீரையைத் தொடாதே' என்று பயமுறுத்துவார்கள். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் ஒரேயடியாக நிறுத்துவதைவிட, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் சாப்பிட்டு, அதற்கேற்ப மருந்தின் அளவை டாக்டர் அமைப்பதே சரி. ஒரு வாரம் கீரையே இல்லை, மறுவாரம் தினமும் என்பதுதான் விபரீதம். பழத்தைச் சாறாக்கிக் குடிப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிறம் முழுதும் டம்ளரில் வந்துவிடும். நார் வடிகட்டியில் தங்கிவிடும். சர்க்கரை மட்டும் வேகமாக ஏறும்.

நிறத்தைத் தேடிப் போகும்போது பொய் நிறத்தில் விழுவதும் நடக்கிறது. பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது நினைவிருக்கும். இதயத்தின் கண்ணோட்டத்தில் அதைவிட மோசமானது மஞ்சள்தூளில் கலக்கும் ஈய குரோமேட். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்துக்காக அதைப் பூசுகிறார்கள். ஈயம் உடலில் சேரச் சேர ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதய நோயைக் கூட்டும், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். பங்களாதேஷ் சந்தைகளில் 2019-ல் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு சோதனை போட்டு, அபராதம் விதித்து, செய்தி பரப்பியதில் 2021-ல் அது ஒன்றுமில்லாமல் போயிற்று. மனம் வைத்தால் இரண்டே ஆண்டில் முடிகிற காரியம். கிழங்கு வாங்கி வீட்டில் காயவைத்து அரைத்துக்கொள்வது முடிந்தவர்களுக்கு நல்லது. குர்குமின் மாத்திரைக்குச் செலவழிக்காதீர்கள். மஞ்சளின் அந்த நிறமி தானாக உடலில் ஏறுவது மிகக் குறைவு. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் அது இருபது மடங்கு கூடுகிறது என்று 1998-ல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏறினால் இதயத்துக்கு என்ன என்பது வேறு கேள்வி; அதற்குப் பதில் மருந்துக்கடை டப்பாவில் இல்லை.

கடைசியில் விஷயம் பணத்தில் வந்து நிற்கிறது. 18 நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வு 2016-ல் ஒரு கணக்குச் சொன்னது. இந்தியாவும் அடங்கிய ஏழை நாடுகளின் பிரிவில், தினம் இரண்டு பங்கு பழமும் மூன்று பங்கு காயும் வாங்குவதென்றால் குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் போய்விடும். பணக்கார நாடுகளில் அது 2 சதவீதத்துக்கும் குறைவு. காய் சாப்பிடாததற்குக் காரணம் அறியாமை என்று நினைத்து வண்ணத் தட்டு படம் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் இந்த எண்ணை ஒரு முறை படிக்க வேண்டும். அதே ஆய்வு மறு ஆண்டு இன்னொன்றையும் சொன்னது: காய், பழம், பருப்பு மூன்றும் சேர்ந்து தினம் 375 முதல் 500 கிராம் வந்தாலே மொத்த இறப்பு விஷயத்தில் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. பருப்பும் கணக்கில் உண்டு என்பது நமக்கு ஆறுதல்.

ஆகவே புளூபெர்ரியும் அவகாடோவும் ப்ரோக்கோலியும் இல்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். சுரைக்காய், பூசணி, முள்ளங்கி, அவரை, கொத்தவரை, முருங்கைக்கீரை, கொய்யா, வாழைப்பழம், காராமணி, கொள்ளு போதும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, காயில் இரண்டு கரண்டி கூட்டுங்கள். நிறம் தானாக வந்து சேரும். அரசுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. 2011 முதல் ரேஷனில் விலையில்லா அரிசி தருகிறோம். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் ஊர் ஊராக இருக்கின்றன. இரண்டையும் இணைத்து, ரேஷன் அட்டைக்கு வாரம் ஒரு கீரைக்கட்டும் இரண்டு கிலோ காயும் குறைந்த விலையில் கொடுக்கும் திட்டம் ஒன்று வேண்டும். இதய அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு தரும் அரசால் இதையும் செய்ய முடியும்.